ஓங் பாக் 2: என் படம் பாதியில நின்னுடுச்சா, இல்ல முடிவே அவ்வளவுதானா?

அரைத்தூக்கம் கேட்டது:

தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. போன சனிக்கிழமை பையனோட உக்காந்து 'ஓங் பாக்' பார்த்தேன். 2003ல வந்த தாய்லாந்து படம், டோனி ஜா நடிச்சது. பையனுக்குப் பதினொரு வயசு, கராத்தே கிளாஸ்ல ஆரஞ்சு பெல்ட் வாங்கியிருக்கான். சந்துக்குள்ள துரத்துவாங்களே, அந்த சீனை மட்டும் ஆறு தடவை பின்னாடி ஓட்டிப் பார்த்தான். முள்கம்பிச் சுருளுக்குள்ள பாய்ஞ்சு வெளிய வர்றது, ஓடுற காருக்கு அடியில ரெண்டு காலையும் விரிச்சுச் சறுக்கிப் போறது எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மறுநாள் காலைல பால்கனில துணிக்கொடிக்குக் கீழ பூந்து பழகி, என் வேட்டியோட சேர்ந்து விழுந்தான்.

அந்த உற்சாகத்துல ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டாம் பாகத்தைப் போட்டேன். ரெண்டாம் பாகம்னா என்ன இருக்கும்? அதே ஹீரோ டிங், அதே கிராமம், வேற எவனாவது ஊர்ப் புத்தர் சிலையோட தலையை வெட்டிட்டு ஓடுவான், இவன் பின்னாடியே ஓடுவான். நான் அவ்வளவுதான் எதிர்பார்த்தேன். ஆனா படம் ராஜா காலத்துல நடக்குது. 15ஆம் நூற்றாண்டாம், அயுத்தயாங்கிற பழைய தாய்லாந்து ராஜ்யமாம். டிங் இல்ல, தியென்னு ஒரு பிரபுவோட பையன். அப்பா அம்மாவைக் கொன்னுடுறாங்க, பையனை அடிமை வியாபாரிங்க பிடிச்சு முதலை கிடக்குற குழியில தள்ளுறாங்க, ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவன் காப்பாத்தி வளர்க்குறான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பையன் கேக்குறான், "அப்பா, ஆட்டோ எப்ப வரும்?" முதல் படத்துல அந்த மூணு சக்கர வண்டித் துரத்தல் அவனுக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. நான் எப்படிச் சொல்றது, ஆட்டோ வர்றதுக்கு இன்னும் ஐநூறு வருஷம் ஆகும்டான்னு.

கடைசில பெரிய சண்டை, யானை எல்லாம் வந்து, ஹீரோவைப் பிடிச்சுக் கட்டிட்டாங்க. சரி, இப்ப தப்பிப்பான்னு நிமிர்ந்து உக்காந்தோம். யாரோ பின்னணில கர்மாவைப் பத்தி ரெண்டு வரி பேசினாங்க. உடனே பேர் ஓட ஆரம்பிச்சுடுச்சு. நெட் கட் ஆகி ஏதோ தாவிடுச்சுன்னு திரும்பப் போட்டேன். அதே இடம், அதே பேர்.

என் கேள்வி மூணு. ஒண்ணு, இதுதான் முடிவா, இல்ல வெட்டின பிரதியா? ரெண்டு, இதுக்கும் முதல் படத்துக்கும் பேரைத் தவிர என்ன சம்பந்தம்? மூணு, மூணாம் பாகம்னு ஒண்ணு இருக்காமே, அதைப் பையனோட பார்க்கலாமா? அவன் கேட்டுட்டே இருக்கான்.

வெண்பொங்கல் எழுதியது:

1. அதுதான் முடிவு. 2. சம்பந்தம் ஒண்ணும் கிடையாது, வேணும்னா முன்கதைன்னு நீங்களே நினைச்சுக்கலாம். 3. வேண்டாம். அதுக்குப் பதிலா முதல் படத்தையே ஏழாவது தடவை போடுங்க.

பழைய சிடிக்கடை எழுதியது:

அரைத்தூக்கம் தம்பி, உங்க கேள்வியைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. இதே கேள்வியை என் மூஞ்சிக்கு நேரா, டிஸ்க்கைக் கல்லா மேல படார்னு வெச்சுக் கேட்டவங்க உண்டு.

2009ல நான் கரூர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு சிடிக்கடைல சம்பளத்துக்கு உக்காந்திருந்தேன். ஒரு டிவிடி ஒரு நாளைக்கு இருபது ரூபா வாடகை, அம்பது ரூபா முன்பணம். டிஸ்க் ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு இப்ப விசாரணை வேண்டாம். கடையே போயிடுச்சு, ஓனர் டைல்ஸ் வியாபாரத்துக்குப் போயிட்டார்.

அந்தக் கடைக்கு முதல் ஓங் பாக்தான் சோறு போட்டுச்சு. நாலு பிரதி வெச்சிருந்தோம், நாலும் ராத்திரி கடைல தங்குனதா எனக்கு ஞாபகமே இல்ல. கவர்ல 'தாய் படம்'னு எழுதி வெச்சிருந்தேன். ஒரு அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அம்மா சென்டிமென்ட் படமா தம்பி, ரொம்ப அழுகை வருமா?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் 'லாந்து'ங்கிற ரெண்டு எழுத்து... இல்ல மூணு எழுத்து, அதையும் சேர்த்து எழுதினேன்.

அப்ப ரெண்டாம் பாகம் வந்துச்சு. தாய்லாந்துல 2008 டிசம்பர்ல வந்த படம், எங்க கைக்கு வர சில மாசம் ஆச்சு. முதல்ல எடுத்துட்டுப் போனவர் பஸ் பாடி கட்டுற பட்டறைல வெல்டிங் பார்க்குற ஒரு அண்ணன். முதல் படத்தைக் குறைஞ்சது பத்து தடவை வாடகைக்கு எடுத்திருப்பார், அந்தக் காசுக்கு டிஸ்க்கையே வாங்கியிருக்கலாம். மறுநாள் காலைல கடை திறக்குறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறார். "டிஸ்க் போச்சுப்பா, கடைசில கட்டிப் போட்டான், அத்தோட நின்னுடுச்சு." நான் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன், கீறல் இல்ல. பனியன் துணியால துடைச்சுக் கொடுத்தா நம்ப மாட்டேன்னுட்டார். ரெண்டாவது பிரதியைக் கொடுத்தேன். சாயங்காலம் அதையும் கொண்டு வந்துட்டார். "இதுவும் அதே இடத்துல போச்சு."

சரி வாங்கண்ணேன்னு கடை பிளேயர்லயே போட்டோம். ஓட்டி ஓட்டிக் கடைசிக்கு வந்தா, சுத்தி நூத்துக்கணக்குல வீரர்கள், நடுவுல இவன் ஒருத்தன். ராஜசேனான்னு அந்த வில்லன் பிரபு, இவனை ஒரேயடியா கொல்லாம மெதுவா சித்திரவதை பண்ணிக் கொல்லச் சொல்றான். குரல் பேசுது. தாடியோட டோனி ஜா ஒரு புத்தர் சிலைக்கு முன்னாடி நிக்கிற மாதிரி ஒரு காட்சி. பேர் ஓடுது. நாங்க ரெண்டு பேரும் பேர் முழுக்க ஓடி முடியற வரைக்கும் நின்னு பார்த்தோம், ஒருவேளை அதுக்கப்புறம் ஏதாவது வருமோன்னு. ஒண்ணும் வரல. அண்ணன் என்னைப் பார்த்தார். "இவன் செத்தானா, இருக்கானா?"

"தெரியலண்ணே."

"அப்ப என் இருபது ரூபாயைக் கொடு."

கொடுத்துட்டேன். அந்த மாசம் இந்த மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேர் வந்தாங்க. அப்புறம் நானே மார்க்கர் எடுத்து ரெண்டு கவர்லயும் எழுதிட்டேன்: 'டிஸ்க் நல்லா இருக்கு. முடிவு இவ்வளவுதான்.' கடை வரலாற்றுலயே எச்சரிக்கை எழுதி வாடகைக்கு விட்ட ஒரே படம் அதுதான்.

ஏன் அப்படி முடிஞ்சுதுன்னு பின்னாடி தேடிப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் படத்தையும், அடுத்து டோனி ஜா யானையைத் தேடி சிட்னி வரைக்கும் போவாரே அந்த 'டாம் யம் கூங்'கையும் (2005) இயக்கினவர் பிரச்யா பின்கேவ். சண்டை அமைச்சவர் பன்னா ரிட்டிக்ரை. டோனி ஜா சின்னப் பையனா சுரின் மாகாணத்துல இருக்கும்போது பன்னாவோட படத்தைப் பார்த்துத்தான் பைத்தியமாகி, அவரையே தேடிப் போய் சிஷ்யனாச் சேர்ந்தார். ரெண்டாம் பாகத்துல பிரச்யா இயக்கல. டோனி ஜாவே முதல் தடவையா டைரக்டர் நாற்காலில உக்காந்தார். ஹீரோ, டைரக்டர், சண்டை எல்லாம் ஒரே தலை மேல. செலவு ஏறுச்சு, நாள் தள்ளிப் போச்சு. 2008 ஜூலைல ஆள் படப்பிடிப்பை விட்டே காணாமப் போயிட்டார், கிட்டத்தட்ட ரெண்டு மாசம். திரும்பி வந்து டிவி முன்னாடி அழுதார். கடைசில குருநாதர் பன்னாவே வந்து கூட உக்காந்து படத்தை முடிச்சுக் கொடுத்தார். கதையோட மிச்சத்தைத் தூக்கி 2010ல மூணாம் பாகமா விட்டாங்க. நீங்க பார்த்தது பாதிப் படம்தான் தம்பி, உங்க சந்தேகம் சரி.

ஆனா அந்த முடிவை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரல. முடிவு ஒழுங்கா இருந்திருந்தாலும் அந்த வெல்டிங் அண்ணன் அதை ரெண்டாவது தடவை எடுத்திருக்க மாட்டார்.

முதல் படத்துல டிங் மொத அடி அடிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கவனிச்சீங்களா? ஊர் ஜனம் கையில இருந்த காசையெல்லாம் போட்டு அவன் கையில கொடுத்து பாங்காக்குக்கு அனுப்புவாங்க. அந்தக் காசை ஊர்க்காரனே ஒருத்தன் அமுக்கிட்டுப் போய், திருட்டுத்தனமா சண்டை நடக்குற இடத்துல பந்தயம் கட்டிடுவான். காசைத் தேடிட்டு உள்ள போற டிங், தெரியாம களத்துக்குள்ள நிப்பான். எதிர்ல சாம்பியன் பாய்ஞ்சு வருவான். ஒரே முட்டி. ஆள் காலி. கூட்டம் கத்தும், இவன் காசை வாங்கிட்டுப் போயிட்டே இருப்பான். எங்க கடை டிவில அந்த இடம் ஓடும்போது தெருவுல போறவன் நின்னு பார்ப்பான். அந்த முட்டிக்கு அவ்வளவு எடை எங்கிருந்து வந்துச்சு? அதுவரைக்கும் அவன் யாரையும் தொடாததால வந்துச்சு. அப்புறம் மறுபடி அவன் களத்துல இறங்குறதுக்கும் ஒரு காரணம் இருக்கும், கண்ணு முன்னாடி ஒருத்தன் அடுத்தவங்களைப் போட்டு அடிப்பான்.

ரெண்டாம் பாகத்துல தியென் எதையுமே அடக்கி வைக்கல. ஆரம்பத்துலயே யானைக் கூட்டத்து முதுகு மேல ஓடுவான் (அது அருமையா இருக்கும், மறுக்கல). அப்புறம் வாள், ஈட்டி, கயித்துக் கத்தி, மூணு துண்டுத் தடி, சீனத்து முறை, ஜப்பான் முறை, போதை முறை. பொங்கலுக்குத் துணிக்கடைல புதுசா வந்ததையெல்லாம் பொம்மைக்கு மாட்டி வெளிய வெப்பாங்களே, அந்த மாதிரி. எல்லாம் நல்ல துணிதான். ஆனா பொம்மை எங்கயும் போகப் போறதில்ல.

மூணாம் பாகத்தைப் பத்தி அப்புறம் எழுதறேன், சோறு ஆறுது.

முழங்கை எழுதியது:

சிடிக்கடை அண்ணன் சொன்னதுல பாதிக்கு ஒத்துக்குறேன். சென்னைல நாலு வருஷமா முவே தாய், அதாவது தாய்லாந்து குத்துச்சண்டை பழகுறேன், அதனால இதைச் சொல்லலாம்னு நினைக்கிறேன்.

முதல் படத்துல நமக்கெல்லாம் புல்லரிச்சது எதுக்குன்னு யோசிச்சுப் பாருங்க. முழங்கை, முட்டி. ஆள் எதிராளியோட தோள் உயரத்துக்கு எகிறி, இறங்கும்போது முழங்கையை உச்சந்தலைல இறக்குவார். தேங்காய் உடைக்கிற மாதிரிதான் இருக்கும். அதுவரைக்கும் நாம ஹாங்காங் படத்துல பார்த்த சண்டை வேற, கை கைல பட்டு டப் டப்னு தாளம் வரும். இங்க தாளமே கிடையாது, ஒரு அடி, ஒரு ஆள் கீழ. கயிறு கட்டல, கம்ப்யூட்டர் வேலை இல்லன்னு விளம்பரத்துலயே சொன்னாங்க. நாம நம்பணும்னு ஒரே அடியை வேற வேற கோணத்துல ரெண்டு மூணு தடவை திருப்பிக் காட்டுவாங்க.

கிளாஸ்ல முழங்கை அடி கத்துக்கொடுக்கும்போது முதல்ல பிடிபடாது. கையால அடிக்கிற பழக்கத்துல தூரமாவே நிப்போம். மாஸ்டர் தோளைப் பிடிச்சு உள்ள இழுத்து, "எதிராளியோட மூச்சு உன் மேல படணும், அவ்வளவு கிட்ட போ"ம்பார். அந்தக் கிட்ட போறதுதான் முழங்கை. ரெண்டாம் பாகத்துல கையில வாளைக் கொடுத்துட்டாங்க. வாள்னா தூரம். தூரமா நின்னு சண்டை போடுற ஆளுங்க உலகத்துல ஏற்கனவே நிறைய பேர் இருந்தாங்க. டோனி ஜா ஒருத்தர்தான் கிட்ட போனார்.

ஒத்துக்காத பாதி: கடைசி இருபது நிமிஷம். கிராமத்துல முகமூடிக்காரங்க மாத்தி மாத்தி வருவாங்களே, அங்க ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஆயுதத்தை எடுப்பார். அப்புறம் நிக்கிற யானையைச் சுத்தி, அதோட காலுக்கு நடுவுல, முதுகு மேல எல்லாம் சண்டை. காக்கா மாதிரி வேஷம் போட்ட நடிகர் டான் சுபோங் அங்கதான் வருவார். அதை எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்திருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்கு இடுப்பு வலிக்குது. தனியா வெட்டிப் பார்த்தா அது முதல் படத்துல உள்ள எந்தச் சண்டையையும் விட நல்ல சண்டை. படமாப் பார்த்தா அசதியாயிடுது, அதுவும் உண்மை.

இன்னொண்ணு, யாரும் சொல்லல. அதே 2008ல பிரச்யா பின்கேவ் 'சாக்லேட்'னு ஒரு படம் எடுத்தார். ஜீஜா யானின்னு ஒரு பொண்ணு. ஆட்டிசம் இருக்கிற பொண்ணு, டிவில சண்டைப் படம் பார்த்தே சண்டை கத்துக்குவா. அம்மாவுக்கு மருந்துச் செலவு, அதுக்காகப் பழைய கடன்காரங்க கிட்ட கணக்குப் புத்தகத்தை எடுத்துட்டுப் போய் காசு கேப்பா, தர மாட்டேன்னா அடிப்பா. ஐஸ் ஃபேக்டரி, கறிக்கடை, இப்படி ஒவ்வொரு இடமா. சின்னக் காரணம், நிஜமான அடி. சண்டை அமைச்சதும் அதே பன்னாதான். என்னைக் கேட்டா ஓங் பாக்கோட ரெண்டாம் பாகம் அதுதான், பேர்தான் மாறிப் போச்சு. அரைத்தூக்கம் சார், பையனுக்கு அதைக் காட்டலாம்னு சொல்ல வந்தேன். ஆனா நீங்க முதல்ல தனியாப் பார்த்துடுங்க, ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி.

சலங்கை எழுதியது:

நான் சண்டைப் படம் பார்க்குற ஆளே இல்ல, என் வீட்டுக்காரர் புண்ணியத்துல பார்த்தேன். பரதம் சொல்லிக் கொடுக்குறேன். அதனால நீங்க எல்லாரும் தாண்டிப் போன ஒரு விஷயம் என் கண்ணுல பட்டுச்சு.

ரெண்டாம் பாகத்துல அப்பா, தியெனைச் சண்டை கத்துக்க அனுப்பல. ஆட்டம் கத்துக்க ஒரு ஊருக்கு அனுப்புறார். அது கோன் ஆட்டம், தாய்லாந்து முகமூடிக் கூத்து. அவங்க ராமாயணம் 'ராமகியென்' பூராவும் அதுலதான் ஆடுவாங்க. 2018ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்த்தாங்க. பையனுக்கு ஆட்டம் பிடிக்காது, வாள் தூக்கணும்னு முரண்டு பிடிப்பான். எனக்கு அங்கயே படம் பிடிச்சுப் போச்சு. இவன் கடைசில ஆட்டத்தாலதான் ஜெயிக்கப் போறான்னு நானே கதை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஏன்னா கோன்ல சண்டையே ஆட்டம்தான். ராமனும் ராவணனும் மோதுற காட்சில ஒருத்தர் தொடை மேல ஒருத்தர் ஏறி அப்படியே சிலை மாதிரி நிப்பாங்க. குரங்கு வேஷக்காரங்க அடிக்கிற குட்டிக்கரணம் தனி. அங்க சண்டைக் கலையிலயும் ராமாயணம் உள்ள பூந்திருக்கு. முவே தாயோட பழைய வடிவமான முவே போரான்ல 'அனுமன் மோதிரம் கொடுத்தல்'னு ஒரு அடி உண்டாம், ரெண்டு முஷ்டியையும் சேர்த்துக் கீழேர்ந்து தாடைக்குத் தூக்கிக் குத்துறது. அசோகவனத்துல கணையாழியை ரெண்டு கையாலயும் நீட்டுற அதே பாவம்! இதைப் படிச்சப்ப நான் எழுந்து நின்னு செஞ்சே பார்த்தேன், வீட்டுக்காரர் ரெண்டடி தள்ளிப் போயிட்டார்.

இவ்வளவு கையில இருக்க, படம் என்ன பண்ணுச்சு? வில்லன் பட்டம் சூட்டுற விழால ஆட்டக்காரங்களோட முகமூடி போட்டு ஆடிட்டே வந்து, முகமூடியைக் கழட்டி வீசிட்டு அடிக்க ஆரம்பிச்சான். அவ்வளவுதான். ஆட்டம் உள்ள நுழையறதுக்கு ஒரு டிக்கெட். ரெண்டு மணி நேரமா ஊற வெச்ச அரிசியைக் கொட்டிட்டு ஹோட்டல்ல இட்லி வாங்கின மாதிரி இருந்துச்சு எனக்கு.

மூணாம் பாகம் வேண்டாம்னு மேல சொல்லியிருக்காங்க. அதுல எலும்பெல்லாம் நொறுங்கின தியென், சின்ன வயசுத் தோழி பிம்மோட சேர்ந்து ஆட்டத்தைத் திரும்பக் கத்துக்கிட்டுத்தான் உடம்பைத் தேத்துறான். மெதுவான படம்தான், தியானம், மழை, மறுபடி தியானம். என் வீட்டுக்காரர் குறட்டையே விட்டுட்டார். ஆனா கை திரும்பாதவன் முதல் முத்திரையைப் பிடிக்கத் தடுமாறுற இடத்துல நான் கண்ணு கலங்கிட்டேன். விபத்துக்கு அப்புறம் ஆட வந்த பொண்ணுங்களை நான் பார்த்திருக்கேன். விரல் மடங்காது, முகம் மட்டும் ஆடும். அந்த முகம் அந்தப் படத்துல இருக்கு.

தலைகீழ் எழுதியது:

எல்லாரும் இவ்வளவு எழுதறீங்க, ஜாக்கி சானை ஒருத்தர் கூட சொல்லல. 'டிரங்கன் மாஸ்டர்' 1978, அதோட ரெண்டாம் பாகம் 1994. பதினாறு வருஷம் கழிச்சு எடுத்து முதல் பாகத்தையே தூக்கிச் சாப்பிட்டுச்சு. கடைசில நெருப்புக் கங்கு மேல நிஜமாவே தவழ்ந்து போவார் மனுஷன். ரெண்டாம் பாகம்னா சொதப்பும்னு விதியா என்ன? டோனி ஜாவுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

பழைய சிடிக்கடை எழுதியது:

சாப்பிட்டாச்சு. தலைகீழ், உங்க உதாரணத்தையே எடுத்துக்குறேன். டிரங்கன் மாஸ்டர் 2ல ஜாக்கி குடிச்சுட்டு சண்டை போட்டா அவங்க அப்பாவுக்குப் பிடிக்காது. குடிக்காதேன்னு சத்தியம் மாதிரி. சித்தி ரகசியமா பாட்டிலைத் தூக்கிப் போடுவாங்க, குடிச்சுட்டு அடிப்பார், ஜெயிப்பார், அப்பா கையால அடியும் வாங்குவார். வீட்டை விட்டே துரத்துவார் அப்பா. குடிச்சா பலம் வரும், மானம் போகும். அதனால கடைசில அந்த ஃபேக்டரில வேற வழியில்லாம எரிசாராயத்தை வாய்ல ஊத்தும்போது நமக்கு வயிறு கலங்கும்.

ஓங் பாக் 2லயும் போதைச் சண்டை இருக்கு, அடிமை வியாபாரிங்களோட. தள்ளாடுறது, சாயறது, எழறது எல்லாம் பிரமாதம். ஆனா அவன் குடிச்சதால என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. குடிக்காம இருந்தாலும் அடிச்சிருப்பான். நான் சொன்ன பொம்மைக்கு மாட்டின துணி இதுதான்.

சலங்கை அம்மா, நீங்க சொன்ன ஆட்ட விஷயம் எனக்குத் தோணவே இல்ல. அந்தக் கண்ணோட மூணாம் பாகத்தைத் திரும்பப் பார்க்கணும். நான் அதை ஒரே தடவைதான் பார்த்தேன், அதுவும் வேகமா ஓட்டி. கடைசிச் சண்டைல நடந்ததெல்லாம் பின்னாடி ஓடி, வேற மாதிரி நடக்கும் பாருங்க, அங்க என் ரிமோட்டைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன். நான் எழுதின எச்சரிக்கையை நானே மறந்துட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். முதல் படத்தோட கடைசில டிங் வெள்ளை உடுத்தி, யானை ஊர்வலத்தோட துறவியாப் போவான். மூணாம் பாகம் வெளியான அதே மே மாசம், 2010ல, டோனி ஜா நிஜமாவே சுரின்ல ஒரு மடத்துல துறவியாச் சேர்ந்துட்டார். சினிமாவுல நடிச்சதையே வாழ்ந்துட்டாருன்னு அந்த வெல்டிங் அண்ணன் கிட்ட சொன்னேன். அவர், "பின்ன, அந்தப் படத்தை எடுத்தவன் எங்க போவான்?"னார். அப்ப சிரிச்சேன். பின்னாடி திரும்பி வந்து நிறைய நடிச்சார், ஹாலிவுட்ல வின் டீசல் கார் படத்துல கூட வந்தார். ஆனா பன்னா 2014ல இறந்துட்டார், ஐம்பத்தி மூணு வயசுதான். முதல் படத்துல அந்த மரத்து மேல ஏறி ஊர்ப் பசங்க கொடிக்குச் சண்டை போட்டு, கிளை கிளையா மோதிக் கீழ விழுவாங்களே, அந்த மாதிரி விழுறவங்களைத் தன் ஊர்லயே வெச்சு, சாப்பாடு போட்டுப் பழக்கினவர் அவர். எனக்கு அவர் இல்லாத படத்துல டோனி ஜாவைப் பார்க்கும்போது கூட, பக்கத்துல யாரோ குறையற மாதிரியே இருக்கும்.

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல.

நேத்து ராத்திரி சாக்லேட் தனியாப் பார்த்தேன். முழங்கை, நீங்க சொன்னது சரி, ரத்தம் ஜாஸ்தி. கறிக்கடை சீனைத் தாண்டி விட்டுட்டு மத்ததைப் பையனுக்குக் காட்டலாம்னு இருக்கேன். கடைசில கட்டடத்துக்கு வெளிய, மாடி மாடியா விளிம்புல நின்னு சண்டை போடுவாங்களே, அதைப் பார்த்தா எங்க பால்கனி கதி என்னாகும்னுதான் பயம்.

மூணாம் பாகம் அரை மணி நேரம் போட்டுப் பார்த்தோம். பையன் தியானத்துலயே தூங்கிட்டான். நான் சலங்கை மேடம் சொன்ன இடம் வரைக்கும் உக்காந்து பார்த்தேன். முதல் படத்துல ஆட்டோல வந்து கடைசில செத்துப் போவாரே அந்தக் காமெடி மாமா, அவர் இதுல கிறுக்கன் மாதிரி வர்றார். தூங்குறவனை எழுப்பி, "டேய், மாமா உயிரோட இருக்கார்டா"ன்னு காட்டினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துட்டு, "ஆட்டோ எங்க?"ன்னுட்டு மறுபடி படுத்துட்டான்.

சிடிக்கடை அண்ணே, ஒரு சந்தேகம். ரெண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொண்டு வந்தாங்கன்னு சொன்னீங்க. மூணாம் பாகத்தை யாராவது திருப்பிக் கொண்டு வந்தாங்களா?

பழைய சிடிக்கடை எழுதியது:

எடுத்துட்டுப் போனாத்தானே தம்பி.

இல்ல, பொய் சொல்லக் கூடாது, ஒருத்தர் எடுத்தார். வெல்டிங் அண்ணன்தான். "செத்தானா இருக்கானா பார்த்துடுவோம்"னு வாங்கிட்டுப் போனார். டிஸ்க் திரும்பி வரவே இல்ல, அம்பது ரூபா முன்பணம் கடைசி வரைக்கும் கல்லாலயே கிடந்துச்சு.